துண்டுக்குள் கொடுத்த விரல்

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைத் தரகு பார்க்கிறவர்களில் கண்ணாயிரம் ஒரு தினுசு. அவர் கூட்டி வந்த எந்தக் கல்யாணக் கோஷ்டியும் கடைக்காரர் முதலில் விரித்த சேலையை எடுத்ததில்லை. எடுக்க அவர் விட்டதில்லை. "இது வாசல் சரக்கும்மா. உள்ள வேற இருக்குது, எடுக்கச் சொல்றேன் இரு" என்பார். கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே உள்ளே போய், அதே சேலையை வேறு பெட்டியில் போட்டு எடுத்து வருவதும் உண்டு. கோஷ்டி பூரித்துப் போகும்.

இந்த வித்தையில் பாதிப் பங்கு அவருடையதுதான். இருந்தும், உள்ளே ஏதோ இருக்கிறது என்கிற நம்பிக்கை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. தினமும் பூசை செய்கிறவர்களுக்குக்கூட அவ்வளவு நம்பிக்கை இருக்குமா என்பது சந்தேகம். கூரத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தான். காபி கொண்டுவந்த வடிவைப் பார்த்துவிட்டு, "உள்ள வேற யாராச்சும் இருக்காங்களா" என்று வருங்கால மாமனாரிடம் கேட்டார். மாமனார் செருப்பைத் தேடினார். வடிவு காபித் தட்டைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இதான் இருக்குது. வேணும்னா எடு. இல்லைன்னா பஸ் வருது."

அவர் வாழ்க்கையில் பேரம் பேசாமல் முடிந்தது அது ஒன்றுதான்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. அவருடைய அப்பா மாகறல் பக்கம் மாட்டுத் தரகர். மாட்டின் விலையை வாயால் சொன்னால் ஊர் முழுக்கக் கேட்கும் என்பதால், கையின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். இத்தனை விரல் என்றால் இத்தனை. வெளியே முகம் மட்டும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். மாடு போய்ப் பட்டு வந்தபோது துண்டும் கூடவே வந்துவிட்டது. எந்தக் கோஷ்டிக்குத் தனக்கு எவ்வளவு தரகு என்பதை, அந்தக் கோஷ்டியின் கண்ணெதிரிலேயே கண்ணாயிரம் கடைக்காரரோடு துண்டுக்குள் முடித்துக்கொள்வார். துண்டுக்குள் விரல் கொடுத்தவன் வார்த்தை மாறக்கூடாது. மாறினால் அவனோடு யாரும் வியாபாரம் செய்யமாட்டார்கள். நீதிமன்றத்தில் பொய் சொன்னவன் ஊரில் சௌக்கியமாக இருக்கிறான். துண்டில் பொய் சொன்னவன் பெங்களூருக்குக் குடி போய்விட்டான்.

இப்படிப்பட்டவருக்குக் கழுத்தின் இடது பக்கம் ஒரு கட்டி வந்தது. லிம்போமா என்றார்கள். நிணநீர்க் கணுக்களில் வருகிற புற்றுநோய். அதிலும் இது அவசரக்கார வகை. செவிலிமேட்டு வீட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து, சென்னைச் சாலையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய் மருந்து ஏற்றிக்கொண்டார். கட்டி மறைந்தது. எல்லோரும் அம்மனுக்கு மாவிளக்குப் போட்டார்கள். சில மாதம் கழித்து அதே இடத்தில் நெல்லிக்காய் அளவில் அது திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

"விற்ற சரக்கு திரும்ப வராதுன்னு போர்டு போட்டிருக்கணும், தப்பு பண்ணிட்டேன்" என்றார் கண்ணாயிரம்.

வடிவு சிரிக்கவில்லை. கட்டி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்வதை, அவர் தலை வாரும்போது பின்னால் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஜெபகுமார் நாற்பது வயதுக்காரர், நிதானமான ஆள். எதிரில் இருவரையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார்.

"ஐயா, அடுத்த கட்ட வைத்தியத்தை ஒரு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும். மூணு மருந்து சேர்ந்த பழைய கூட்டு ஒண்ணு இருக்கு. நாங்க ரொம்ப நாளா குடுக்கறதுதான். அதோட புதுசா ரெண்டு மருந்து சேர்த்தா இன்னும் நல்லா கேட்குமான்னு இங்க ஒரு சோதனை நடக்குது. சேர்றவங்கள்ல பாதிப் பேருக்குப் பழைய கூட்டு. பாதிப் பேருக்கு அஞ்சும் சேர்ந்தது."

"எது நல்லது?"

"தெரியாது."

கண்ணாயிரம் காத்திருந்தார். கடைக்காரன் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் அடுத்து ஏதோ நல்லது வரும். எதுவும் வரவில்லை.

"தெரியாதுன்னா?"

"தெரிஞ்சா சோதனை எதுக்குங்கய்யா?"

பிறகு டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். வாந்தி வரலாம். ரத்த அணு குறையலாம். கிருமி தொற்றலாம். புது மருந்துகளால் காய்ச்சல், தடுமாற்றம் வரலாம். அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாகலாம். கண்ணாயிரத்துக்குத் தலை சுற்றியது. பயத்தால் அல்ல. சேலையை விரிக்கும்போதே ஓட்டை இருக்கிற இடத்தில் விரலை விட்டுக் காட்டுகிற கடைக்காரனை அவர் இதுவரை பார்த்ததில்லை. ஒன்று, இவர் பைத்தியம். இல்லையென்றால் உள்ளே வேறு வைத்திருக்கிறார். பைத்தியத்துக்கு இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் சுழல் நாற்காலி கொடுக்கமாட்டார்கள்.

"சரி டாக்டரே, உள்ள இருக்கிறத எடுங்க" என்றார்.

"உள்ள ஒண்ணும் இல்லைங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"நிஜமாவே இல்லைங்கய்யா. இருக்கிறது அவ்வளவும் சொல்லிட்டேன். சோதனை மருந்துக்குக் காசும் கிடையாது."

இது கடைசி அடி. குறைக்கச் சொல்ல ஒரு விலைகூட இல்லாத வியாபாரத்தில் மனிதன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? கண்ணாயிரம் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலை நோக்கி நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார். வாசல் தாண்டுவதற்குள் கூப்பிடாத கடைக்காரன் காஞ்சிபுரத்தில் பிறந்ததில்லை.

டாக்டர் மணியை அடித்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

"வாய்யா, வந்து உக்காரு" என்றாள் வடிவு, இருந்த இடத்திலிருந்தே.

எப்படி உட்கார்வது? நடந்தவனைக் கடைக்காரன் கூப்பிட வேண்டும். பெண்டாட்டி கூப்பிட்டு வந்தால் மானம் போய்விடும். கண்ணாயிரம் அப்படியே நடந்து பஸ் ஏறி செவிலிமேடு வந்து சேர்ந்தார். பின்னாலேயே அடுத்த பஸ்ஸில் வடிவு வந்து, அவருக்குச் சோறு போட்டுவிட்டு, குழம்பை மட்டும் மறந்துபோனவள் மாதிரி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் போன் வந்தது. பேசியது ஜீவிதா. அந்தச் சோதனையில் யார் சேர்ந்தார்கள், யாருக்கு எந்த மருந்து என்பதைப் பார்த்துக்கொள்கிற பெண்.

கண்ணாயிரம் போனைக் கையால் மூடிக்கொண்டு, "கூப்பிட்டுட்டாங்க பாத்தியா" என்றார் மனைவியிடம்.

வடிவு கையை விலக்கி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சார், நீங்க டைம் எடுத்துக்கலாம் சார், ஆனா டிசீஸ் டைம் எடுத்துக்காது. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. சேர வேணாம்னாலும் ஓகே, வேற ட்ரீட்மென்ட் குடுப்பாங்க. சேர்ந்துட்டு நடுவுல வெளிய வந்தாலும் ஓகே. ரீசன்கூட சொல்ல வேணாம்."

"எப்ப வேணா திருப்பிக்கலாமா?" கண்ணாயிரத்தின் குரல் இறங்கியது. "காஞ்சிபுரத்துல இருந்துக்கினு இப்படி ஒரு வார்த்தை சொல்றியேம்மா. சரக்குல இன்னா கோளாறு?"

"ஏம்மா," என்றாள் வடிவு, "யாருக்குப் பழசு, யாருக்குப் புதுசுன்னு டாக்டரா சொல்லுவாரு?"

"இல்லை ஆன்ட்டி. கம்ப்யூட்டர் எடுத்துக் குடுக்கும். எங்க யாருக்கும் முன்னாடி தெரியாது."

"அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாக்குற மாதிரியா? ஒரு பொட்டலத்துல செகப்பு, ஒண்ணுல வெள்ளை."

"எக்ஸாக்ட்லி ஆன்ட்டி. நான் இனிமே எல்லார்கிட்டயும் இப்படியே சொல்றேன்."

வடிவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாயிரத்துக்கும் ஒன்று புரிந்தது, அது வேறு.

"பூ தானா பொட்டலத்துக்குள்ள போவாது வடிவு. கட்டுறவன்னு ஒருத்தன் இருக்கான். எதுல செகப்புன்னு அவனுக்குத் தெரியும். டாக்டரைத்தான் புடிக்கணும்."

"அவரு தனக்கே தெரியாதுன்றாரேய்யா."

"பொண்டாட்டி எதிர்ல சொல்லுவாரா? இதெல்லாம் துண்டுக்குள்ள பேச வேண்டியது."

வெள்ளிக்கிழமை காலை நல்ல வேட்டி, புதுத் துண்டோடு கிளம்பினார். கட்டி எலுமிச்சம்பழம் ஆகியிருந்தது. சட்டையின் மேல் பொத்தான் மாட்டவில்லை. டாக்டர் அறையில் வடிவு அவசரமாக, "கையெல்லாம் கூட இவருக்கு ஒரு மாதிரியா இருக்குது டாக்டர், பித்தானே போட முடியல" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கண்ணாயிரம் வலது கையை மேசைமேல் நீட்டி அதன்மேல் துண்டைப் போட்டார். புருவத்தை உயர்த்தி டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் ஜெபகுமார் பதினைந்து வருடமாக மனிதர்களைப் பார்க்கிறவர். சிலர் கட்டியை மறைப்பார்கள், சிலர் வழுக்கையை. இவர் கையை மறைக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தார். முந்தைய மருந்தில் விரல் நுனி மரத்துப்போவது சகஜம்தான். கூச்சப்படுகிறவரின் துண்டை ஏன் விலக்க வேண்டும் என்று தன் கையைத் துண்டுக்குள் விட்டார்.

கண்ணாயிரம் டாக்டரின் இரண்டு விரலைப் பிடித்து இறுக்கினார். புது மருந்து இரண்டும் எனக்கு வேண்டும் என்று அர்த்தம். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி, "இந்த வருசம் பாலாத்துல தண்ணி வரும்ன்றாங்க" என்றார்.

"வந்தா நல்லதுதான்" என்ற டாக்டர், அவருடைய விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். "விரல் மரத்துப்போன மாதிரி இருக்குதாங்க?"

வாங்குகிறவன் உடம்பில் குறை இருக்கிறதா என்று விற்கிறவன் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று மாகறல் மாட்டுச் சந்தையிலேயே கண்ணாயிரம் படித்திருந்தார்.

"எனக்கா? ஜம்முனு இருக்குது."

டாக்டர் நம்பாமல் இன்னொரு முறை அழுத்தினார். கண்ணாயிரத்தின் முகம் மலர்ந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"முடிஞ்சுது. கையெழுத்து எங்க போடணும்?"

ஜீவிதா மறுபடி எல்லாவற்றையும் படித்துக் காட்டினாள். அவர் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டார். பில் போடுகிற பெண்ணிடம் எதற்குத் தகராறு?

கையெழுத்து ஆனது, ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் ஆனது. திங்கட்கிழமை மருந்து ஏற்றுகிற வார்டுக்கு வரச் சொன்னார்கள். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒருவர், ஒவ்வொருவர் தலைக்குமேலும் ஒரு பாட்டில். ஜீவிதா கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு வந்தாள்.

"சார், உங்களுக்குப் பழைய கூட்டு வந்திருக்கு."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சார்."

"போம்மா, போய் டாக்டரக் கேளு. எங்களுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

டாக்டர் வந்தார். கண்ணாயிரம் எழுந்து நின்றார். அவர் கண்ணில் இருந்தது கோபம்கூட இல்லை, துக்கம்.

"துண்டுக்குள்ள விரல் குடுத்துட்டு இப்படிப் பண்ணலாமா டாக்டரே?"

"என்ன குடுத்தேன்?"

"பாத்தியா வடிவு, இன்னா குடுத்தேன்னு கேக்குறாரு. இது தீராம நான் உக்காரமாட்டேன். முனிரத்தினம் அண்ணன் வந்து சொல்லட்டும்."

நர்ஸ் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வடிவு கணவரின் கழுத்தைப் பார்த்தாள். அங்கே பேரத்துக்கு நிற்காத ஒன்று இருந்தது. அவள் தானே போனை எடுத்து முனிரத்தினத்தைக் கூப்பிட்டாள், பிறகு டாக்டரிடம் திரும்பி, "கோச்சிக்காதீங்க. அவரு சொன்னாத்தான் இந்த மனுசன் அடங்குவாரு" என்றாள்.

ஜெபகுமாருக்குக் கோபம் வந்திருக்கலாம். வரவில்லை. "வரட்டும்மா. இவரு என்ன நினைச்சுக் கையெழுத்துப் போட்டாருன்னு எனக்கும் தெரிஞ்சாகணும்" என்றார்.

முனிரத்தினம் ஊரிலேயே மூத்த தரகர். துண்டுத் தகராறு எதுவானாலும் அவர் சொன்னால் முடிந்தது. ஆட்டோவில் வந்து இறங்கி, கையைக் கழுவிக்கொண்டு, முகமூடியைக் கட்டிக்கொண்டு, நோயாளிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். "இங்க டீ கெடைக்குமா" என்று கேட்டார். கிடைக்காது என்றார்கள். வழக்கைத் தொடங்கினார்.

"டாக்டரு துண்டுக்குள்ள கைய வுட்டது நெஜமா?"

"வாஸ்தவம்தான்" என்றார் டாக்டர்.

வார்டில் சலசலப்பு. பக்கத்து நாற்காலியில் இருந்த ஜோதிகா என்கிற பள்ளிக்கூட டீச்சர், "இந்தக் கேஸ் முடிஞ்சதும் என்னோடதையும் பாருங்க. மருந்து தீர்ந்து மிஷின் கத்திக்கினே இருக்குது, கேக்க ஆளில்லை" என்றார். நர்ஸ் ஓடினாள்.

"கண்ணு, நீ இன்னா கேட்ட?"

"ரெண்டு விரல் புடிச்சேன்ணே. புது மருந்து ரெண்டு."

"அவரு இன்னா குடுத்தாரு?"

"அதே ரெண்டு. அழுத்தமா."

"டாக்டர் தம்பி, நீங்க எத்தனை விரல் அழுத்துனீங்க?"

"அஞ்சும்தான். ஒவ்வொண்ணா, ரெண்டு தடவை. மரத்துப்போச்சான்னு பாத்தேன். இல்லைன்னாரு. நான் நம்பலை. எழுதி வச்சிருக்கேன்."

முனிரத்தினம் கண்ணாயிரத்தை நாற்காலியில் உட்காரச் சொன்னார். பிறகு தன் துண்டை எடுத்துக் கண்ணாயிரத்தின் கைமேல் போட்டு, உள்ளே கையை விட்டார்.

"எத்தனை?"

"மூணு."

"இப்ப?"

"ரெண்டு. இல்லை, மூணு."

முனிரத்தினம் துண்டை விலக்கினார். அவர் கை கண்ணாயிரத்தின் கையைத் தொடவே இல்லை. எப்போதோ வெளியே வந்து மடியில் இருந்தது. கண்ணாயிரம் பிடித்துக்கொண்டிருந்தது நாற்காலியின் கைப்பிடி.

யாரும் சிரிக்கவில்லை.

"எவ்ளோ நாளாப்பா?" என்றார் முனிரத்தினம் மெதுவாக.

"மொத மருந்து ஏத்துனதுல இருந்து" என்றார் கண்ணாயிரம், துண்டைப் பார்த்துக்கொண்டே.

"அப்ப இத்தனை மாசமா கடைக்காரங்க துண்டுக்குள்ள குடுத்ததுக்கெல்லாம்?"

"தலையாட்டிக்கினு வந்தேன்."

"அதான் வீட்டுக்கு வர்ற காசு தேஞ்சுக்கினே போச்சா" என்றாள் வடிவு. "நான் வேற எவளோன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

முனிரத்தினம் தீர்ப்புச் சொன்னார். விரல் தெரியாதவன் போட்ட துண்டு, துண்டே ஆகாது. டாக்டர் மேல் குற்றமில்லை. ஆனால் காஞ்சிபுரத்துக்காரன் துண்டைப் போட்டால் இனிமேல் கையை உள்ளே விடக்கூடாது. டாக்டர் ஒப்புக்கொண்டார்.

"அப்ப அந்தக் கையெழுத்தும் செல்லாதுங்கய்யா" என்றார் டாக்டர். "தப்பா நினைச்சுப் போட்டது. புதுசா கேக்கறேன். சோதனையில இருக்கணும்னு கட்டாயம் இல்லை. வெளிய போனாலும் இதே பழைய கூட்டுதான் குடுப்பேன், இன்னிக்கே."

"உள்ள இருந்தாலும் அதே. வெளிய போனாலும் அதே. அப்ப நான் இருந்து இன்னா லாபம்?"

"உங்களுக்கு லாபம்னு நான் சொல்லமாட்டேன். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் எது நல்லதுன்னு பின்னால வர்றவங்களுக்குத் தெரியும்."

"நான் வாசல் சரக்கு."

"வாசல் சரக்கை விரிக்காம உள் சரக்கு நல்லதுன்னு எப்படிங்க காட்டுவீங்க? புதுசு மட்டமாவும் இருக்கலாம். அதுவும் பக்கத்துல வச்சாத்தான் தெரியும்."

கண்ணாயிரம் யோசித்தார். தன் வாழ்நாளில் எத்தனை வாசல் சேலைகளை வாயில் வந்தபடி பேசி ஒதுக்கியிருக்கிறார். அதில் ஒன்று இல்லாமல் ஒரு வியாபாரமும் நடந்ததில்லை. அந்தச் சேலைகளை யார் வாங்கிப் போனார்கள் என்று முதல்முறையாக ஒரு கேள்வி வந்தது. யாரோ வாங்கித்தான் இருப்பார்கள். யாரோ கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. "அந்த மூணுல ஒண்ண மாத்தி, புதுசுல ஒண்ணு…" என்று ஆரம்பித்தார்.

வடிவு எழுந்து அவருக்கும் டாக்டருக்கும் நடுவில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"இதான் இருக்குது. வேணும்னா எடு. இல்லைன்னா பஸ் வருது."

கண்ணாயிரம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவைக் கேட்டார். பேனா விரலில் நிற்காமல் இரண்டு தரம் விழுந்தது. மூன்றாவது தரம் முஷ்டியில் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நர்ஸ் ஊசியை ஏற்றினாள். மருந்து சொட்டத் தொடங்கியது.

முனிரத்தினம் டீ தேடிப் போய்விட்டார். ஜோதிகா டீச்சரின் மிஷின் மறுபடி கத்த, டாக்டர் அதைப் பார்க்கப் போனார். கண்ணாயிரம் ஊசி ஏறாத கையை நீட்டி, அதன்மேல் துண்டைப் போட்டார். வடிவு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, உள்ளே கையை விட்டாள்.

"பாலாத்துல தண்ணி வருமா?" என்றாள்.

"எத்தனை விரல் வடிவு?"

"நீ சொல்லு."

அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் தேடினார்.

"அஞ்சு."

"நாலு. கட்டைவிரல்ல உன் துண்டு நூலு சுத்திக்கினு வுடமாட்டேன்னுது."

"சரி," என்றார் கண்ணாயிரம், "நாலுக்கே முடிச்சுக்கலாம்."